குளிர்காலத்தில் தீனி போட்ட மாடு மட்டும்: சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமம்

குளிர்காலம் முழுக்கத் தன் தொழுவத்தில் கட்டித் தீனி போட முடிந்த மாடுகள் எத்தனையோ, அத்தனையைத்தான் ஒருவர் கோடையில் ஊர்ப்பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். 1517ஆம் ஆண்டு வாக்கிலேயே எழுத்தில் இருக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக்காகத்தான் டோர்பெல் என்ற சின்ன மலைக்கிராமத்தின் பெயர் உலகெங்கும் பொருளாதார வகுப்புகளில் அடிபடுகிறது. ‘ஊர்க்காரர்களே கூடிப் பொதுநிலத்தைக் காப்பாற்றினார்கள்’ என்பதற்கு அதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். சாட்சி சரிதான். ஆனால் அது பாதிதான். அந்தக் கட்டுப்பாடு எதை அளந்தது, யாரை வெளியே நிறுத்தியது, ஊருக்குள் இருந்தவர்களிடமே என்ன விலை கேட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியமாகிறது. கொஞ்சம் கசக்கவும் செய்கிறது.

ஊரும் சரிவும்

சுவிட்சர்லாந்தின் தெற்கே வலே மாநிலம். அதன் மேற்குப் பாதியில் பிரெஞ்சு பேசுகிறார்கள், கிழக்குப் பாதியில் ஜெர்மன். ஜெர்மன் பகுதியில் ரோன் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் ஃபிஸ்ப் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே, செர்மாட் போகும் கிளைப் பள்ளத்தாக்கில் ஸ்டால்டன் ஊரைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தால், சரிவில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மரவீடுகள் நெருக்கியடித்து நிற்கும். அதுதான் டோர்பெல். சுமார் ஐந்நூறு பேர் வாழும் ஊர். ஊருக்கு மேலே காடு, காட்டுக்கு மேலே 2,000 மீட்டரைத் தாண்டி மோஸ்ஆல்ப் மேய்ச்சல் வெளி, அதற்கும் மேலே ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு ஆக்ஸ்ட்போர்ட்ஹார்ன் சிகரம்.

ஆல்ப்ஸ் என்றதும் எப்போதும் ஈரமாக, பச்சைப்பசேலென்று இருக்கும் மலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சினிமாப் பாட்டுகள் செய்த வேலை. டோர்பெல்லைச் சுற்றிய பகுதிதான் சுவிட்சர்லாந்திலேயே மிகவும் வறண்டது. ஸ்டால்டன் பக்கம் ஆண்டு முழுக்கப் பெய்வது 550 மில்லிமீட்டர் அளவுதான். வடக்கிலும் தெற்கிலும் நிற்கும் உயர்ந்த மலைத்தொடர்கள் மேகத்தை வழியிலேயே பிழிந்துவிடுவதால், நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கு மழைமறைவில் சிக்கிக்கொள்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான். பாய்ச்சாமல் விட்டால் இரண்டாவது அறுப்புக்குப் புல் எழும்பாது.

இப்படிப்பட்ட சரிவில் ஒரு குடும்பம் பிழைக்க எல்லா உயரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் நிலம் வேண்டும். கீழே பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு துண்டு திராட்சை. ஊரைச் சுற்றி ரை தானிய வயல், காய்கறித் தோட்டம், நாலு பழமரங்கள். மேலேயும் கீழேயும் புல் அறுக்கும் நிலங்கள். எல்லாம் சிறுசிறு துண்டுகள், ஒன்றுக்கொன்று மணிக்கணக்கில் நடக்கும் தொலைவில். ஒரே இடத்தில் ஒட்டுமொத்தமாக வைத்துக்கொண்டால் வசதி என்று வெளியாள் நினைப்பான். ஒவ்வொரு உயரத்திலும் புல் வெவ்வேறு வாரத்தில் அறுப்புக்கு வருவதால்தான் இருக்கும் ஆட்களை வைத்தே எல்லாவற்றையும் அறுத்து முடிக்க முடிந்தது. ஒரு சரிவில் பனிச்சரிவு இறங்கினாலோ உறைபனி தாக்கினாலோ, இன்னொன்று தப்பிக்கும்.

வலேயின் செங்குத்தான வயல்களில் வசந்தகாலத்தின் முதல் வேலை உழவு இல்லை. மண் சுமப்பதுதான். ஓராண்டில் சரிந்து வயலின் அடியில் சேர்ந்த மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் ஏற்றி, மறுபடி வயலின் தலைமாட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதன் பிறகுதான் விதைப்பு. விளைந்த ரையை ஊர்ப்பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில தடவை மட்டுமே ரொட்டியாகச் சுடுவார்கள். மாதக்கணக்கில் வைத்துத் தின்பதால் அது கல்லாக இறுகிவிடும், அதை வெட்டத் தனிக் கத்திப்பலகை உண்டு.

தானியக் களஞ்சியங்களைப் பார்த்தால் இந்த மக்களின் புத்தி தெரியும். லார்ச் மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய சின்ன வீடு, குட்டையான மரக்கால்களின் மேல் நிற்கும். ஒவ்வொரு காலின் உச்சியிலும் ஓர் அகலமான வட்டக் கல்தட்டு, அதன் மேல்தான் களஞ்சியத்தின் தரை. காலில் ஏறி வரும் எலி கல்தட்டின் அடியில் முட்டி நிற்கும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விளிம்பைத் தாண்ட அதனால் முடியாது. அந்தக் களஞ்சியமும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்காது. பாதி ஒருவருக்கு, கால் பாகம் இன்னொருவருக்கு என்று பாகம் பிரிந்து கிடக்கும். வீடுகளும் அப்படியே. கீழ்த்தளம் ஒரு குடும்பத்துக்கு, மேல்தளம் பங்காளிக்கு.

1483: யார் உள்ளே, யார் வெளியே

டோர்பெல்லைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிவதற்குக் காரணம் அந்த ஊரின் காகித ஆசை. 1224ஆம் ஆண்டு முதல் நில உடைமை, கைமாற்றம் பற்றிய ஆவணங்கள் இருக்கின்றன. அமெரிக்க மானுடவியலாளர் ராபர்ட் நெட்டிங் 1970இல் அங்கே குடும்பத்தோடு போய்த் தங்கி ஆய்வு செய்தபோது, இந்த ஆவணங்களையும் தேவாலயத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளையும் சேர்த்துவைத்துப் படித்தார். அதற்கு முன் அவர் வேலை செய்தது நைஜீரியாவின் கோஃப்யார் மலைக்குடியானவர்களிடம். ஆப்பிரிக்கச் சிறுவிவசாயிகளிடம் கேட்ட அதே கேள்விகளை, பணக்கார ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் ஓர் ஊரிடமும் அவர் கேட்டார். இந்த ஆய்வின் பலமே அதுதான் என்று நினைக்கிறேன்.

1483 பிப்ரவரி 1 அன்று ஊரார் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மேய்ச்சல் வெளி, காடு, தரிசு ஆகியவற்றை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் அமைக்கும் ஆவணம் அது. அதன் முக்கியமான பிரிவு மேய்ச்சலைப் பற்றியது இல்லை, ஆட்களைப் பற்றியது. வெளியூரான் ஒருவன் டோர்பெல்லில் நிலம் வாங்கினாலும் சரி, வேறு வழியில் குடியேறினாலும் சரி, பொது மேய்ச்சலிலோ தரிசிலோ அவனுக்கு உரிமை கிடையாது. காட்டில் மரம் வெட்டவும் முடியாது. பட்டா கையில் இருப்பது ஒன்று, ஊர் உரிமை வேறொன்று. ஒருவனை ஊர்க்காரனாகச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதை, ஏற்கெனவே நிலமும் நீர் உரிமையும் வைத்திருப்பவர்களே முடிவு செய்வார்கள்.

கட்டுப்பாடு எழுதுகிறவர்கள் முதலில் ‘எவ்வளவு மேய்க்கலாம்’ என்றுதான் தொடங்குவார்கள் என்று எதிர்பார்ப்போம். இவர்கள் முதலில் கதவைச் சாத்திவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்து கணக்குப் பேசினார்கள். 1507இல் பொதுச்சொத்தின் எல்லைகளையும் பட்டியலிட்டு எழுதிவைத்தார்கள். மாட்டுக் கணக்கு அதற்குப் பின்னால்தான் எழுத்தில் வருகிறது.

புல்லின் கணக்கு

இனி அந்த மாட்டுக் கணக்குக்கு வருவோம். ஆல்ப்ஸில் குளிர்காலத் தொழுவக் காலம் ஆறு, ஏழு மாதம். ஒரு பசுவுக்கு நாளைக்குப் பத்துக் கிலோ காய்ந்த புல் என்று குறைத்து வைத்தாலும், இருநூறு நாளைக்கு இரண்டு டன். இந்த இரண்டு டன்னும் சரிவில் அரிவாளால் அறுத்து, வெயிலில் காயவைத்து, கயிற்றில் கட்டி, முதுகில் தூக்கி வந்து சேர்த்தது. ஆக ஒரு குடும்பத்தின் மாட்டு எண்ணிக்கையைத் தீர்மானித்தது அவர்கள் தனியாக வைத்திருந்த புல்நிலமும், அதற்குப் பாய்ந்த தண்ணீரும், வீட்டில் இருந்த கைகளும்.

‘குளிர்காலத்தில் காப்பாற்றிய மாட்டை மட்டும் ஓட்டு’ என்று சொன்னதும் மூன்று காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்துவிடுகின்றன. வசந்தத்தில் சந்தையில் மலிவாக மாடு வாங்கி, கோடையில் ஊர்ப்புல்லில் கொழுக்கவைத்து, இலையுதிர்காலத்தில் விற்றுக் காசு பார்க்கும் வழி அடைபடுகிறது. வெளியூரானின் மாட்டை வாடகைக்கு வாங்கித் தன் மாடு என்று சொல்லி ஓட்டும் வழியும் அடைபடுகிறது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கணக்கெடுக்கத் தனியாக ஆளே வேண்டியதில்லை. ஜனவரி மாதத்தில் பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் எத்தனை மாடு மூச்சு விடுகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், பாகம் பிரிந்த தொழுவங்கள். இதில் ஒரு மாட்டை எங்கே ஒளித்துவைப்பது?

மேலே ஏறும்போதும் மாடுகளை எண்ணியாக வேண்டும், ஏனென்றால் சீஸ் பங்கு அதை வைத்துத்தான். கோடை முழுக்க மேய்ப்பர்கள் சிலர் மட்டும் மலையில் தங்கி எல்லா மாடுகளையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். பாலை ஒன்றாகக் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்வார்கள். பருவ முடிவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்பிய மாட்டுக் கணக்குப்படி சீஸ் பங்கு வரும். பங்கு வேண்டுமென்றால் மாட்டைக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும், காட்டினால் வரம்பு மீறியது தெரிந்துவிடும். கண்காணிப்புக்கென்று தனிச் செலவு வைக்காமல், ஏற்கெனவே நடக்கும் எண்ணிக்கையிலேயே அதையும் செருகிவிட்டார்கள்.

அதையும் மீறி ஏமாற்றுகிறவன் இருக்கத்தான் செய்வான். அவனுக்காக கெவால்ட்ஹாபர் என்ற ஊர் அதிகாரி இருந்தார். வரம்பு மீறியவரிடம் அபராதம் வாங்குவது அவர் வேலை, வாங்கிய அபராதத்தில் பாதி அவருக்கே. இன்றைய நிர்வாகப் புத்தகங்கள் இதை ஊக்கத்தொகை என்று மரியாதையாகச் சொல்லும். அபராதத்தில் பங்கு உள்ள அதிகாரி கண்ணை மூடிக்கொள்ள மாட்டார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அவர் அநியாயமாக அபராதம் போடுவதற்கும் வாய்ப்புண்டு. ஆனால் அவரும் அதே ஊரில், அதே சனத்துக்கு நடுவில்தான் காலம் தள்ள வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை கூட்டம் கூடும். பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். மேய்ப்பர்களைக் கூலிக்கு அமர்த்துவது, மேய்ச்சல் வெளியில் சாணத்தைப் பரப்ப ஏற்பாடு செய்வது, பனிச்சரிவில் இடிந்த பட்டிகளையும் குடில்களையும் திருப்பிக் கட்டுவது, பாதைகளைச் சீராக்குவது எல்லாம் அவர்கள் தலையில். மேய்ச்சலுக்கான கட்டணமும் உழைப்பும் மாட்டுக் கணக்குப்படி. அதிக மாடு அனுப்பினவன் அதிக நாள் மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு விசித்திரம் இருக்கிறது. புகழ்பவர்கள் அதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது மேய்ச்சல் வெளியின் புல்லை அளக்கவே இல்லை. மோஸ்ஆல்ப் எத்தனை மாட்டைத் தாங்கும் என்று அதில் ஓர் எண்கூடக் கிடையாது. அளந்ததெல்லாம் கீழே இருக்கும் தனியார் புல்நிலத்தைத்தான். கீழ்நிலம் குறைவு, உழைப்பு கடுமை, குளிர்காலம் நீளம் என்ற மூன்றும் சேர்ந்து மாட்டு எண்ணிக்கையைத் தாழ்வாக வைத்திருந்ததால் மேல்நிலம் தப்பித்தது. வெளியிலிருந்து தீவனத்தை மலிவாக வாங்கி இறக்கிக்கொள்ள முடிந்திருந்தால் இதே விதி பல்லில்லாமல் போயிருக்கும். அதாவது பொதுநிலத்துக்குப் பூட்டாக இருந்தது தனிநிலம். ‘எல்லாம் எல்லோருக்கும்’ என்ற கூட்டுடைமைக் கனவாக டோர்பெல்லைப் பார்க்கிறவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். அவர்கள் வயலையும் தோட்டத்தையும் புல்நிலத்தையும் கறாராகத் தனிச்சொத்தாக வைத்திருந்தார்கள். வாங்கினார்கள், விற்றார்கள், பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தார்கள்.

எதைத் தனியாக, எதைப் பொதுவாக வைத்தார்கள் என்பதற்கு நெட்டிங் சொன்ன விளக்கம் எளிது. உழைப்பைக் கொட்டினால் விளைச்சல் கூடும் நிலம் தனியாருக்குப் போனது. மேய்ச்சல் வெளி அப்படி இல்லை: பரப்பு பெரியது, ஒரு காணிக்கு விளையும் புல் குறைவு, இந்த ஆண்டு ஒரு சரிவில் நன்றாக இருந்தால் அடுத்த ஆண்டு வேறொரு சரிவில். அதை வேலி போட்டுத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஓர் ஆண்டு பொய்த்துவிடும். மொத்தமாக வைத்துக்கொண்டால் மாடு புல்லைத் தேடிப் போகலாம்.

மரமும் தண்ணீரும்

காட்டுக்கு வேறு முறை. வெட்டக்கூடிய மரங்களை ஊர்ப் பொறுப்பாளர்கள் முதலில் அடையாளமிடுவார்கள். குடும்பங்கள் குழுக்களாகச் சேர்ந்துகொள்ள, எந்தக் குழுவுக்கு எந்த மரங்கள் என்பது குலுக்கலில் முடிவாகும். அதன் பிறகுதான் காட்டுக்குள் கோடரி போகலாம். எனக்கு விழுந்தது வளைந்த மரம், உனக்கு விழுந்தது நேரான மரம் என்று சண்டை போடலாம், ஆனால் யாரிடம் போய்ப் போடுவது? சீட்டிடமா? செங்குத்தான சரிவில் காட்டை மொட்டையடித்தால் அடுத்த குளிர்காலத்தில் பனிச்சரிவு நேரே வீட்டுக் கூரையில் இறங்கும். அதனால் காட்டில் காட்டிய கறார் விறகுக்காக மட்டும் இல்லை.

தண்ணீர் இன்னும் சிக்கல். வலே முழுக்க ஸுவோனன் என்ற வாய்க்கால்கள் உண்டு. பனியாறு உருகும் ஓடைகளிலிருந்து தண்ணீரைத் திருப்பி, மலையின் இடுப்பை ஒட்டி மெல்லிய சாய்வில் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுவருவார்கள். பாறைச் செங்குத்து குறுக்கிட்டால் அந்த இடத்தில் மரத்தொட்டிகளைப் பாறையில் அடித்த முளைகளின் மேல் தொங்கவிடுவார்கள். ஆண்டுதோறும் வசந்தத்தில் இதைப் பழுதுபார்க்கப் போனவர்கள் விழுந்து செத்ததும் உண்டு. நம் ஏரிப் பாசனத்தில் நீர்கட்டி முறைவைத்து மடை திறந்துவிடுவதுபோல, அங்கேயும் முறைத் தண்ணீர்தான். இன்னார்க்கு இத்தனை மணி நேரம் என்று. அந்த உரிமையைக் காகிதத்தில் எழுதவில்லை. டெஸ்லன் என்ற மரக்குச்சிகளில் குடும்பக் குறியைச் செதுக்கி, நேரத்தை வெட்டுகளாகப் போட்டுவைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனும் விரலால் தடவித் தன் பங்கைச் சொல்லிவிடுவான்.

வாய்க்காலைக் காவல் காப்பவர் தூங்கவும் வேண்டுமே. அதற்கு ஓர் ஏற்பாடு: வாய்க்காலில் ஒரு சின்ன நீர்ச்சக்கரம் வைத்து, அது சுற்றச் சுற்ற ஒரு மரச்சுத்தியல் பலகையில் ‘டக், டக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஓடும்வரை சத்தம் வரும். சத்தம் நின்றால் எங்கோ உடைப்பு என்று அர்த்தம், காவலாளி எழுந்து ஓட வேண்டியதுதான். 2023இல் ஐரோப்பாவின் ஏழு நாடுகளின் மரபுவழிப் பாசன முறைகளை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, சுவிட்சர்லாந்தும் அதில் இருந்தது.

விலை

மேய்ச்சல் வெளி ஐந்நூறு ஆண்டுகள் நாசமாகாமல் இருந்தது. அதற்கான விலையை மண் கொடுக்கவில்லை என்றால் யார் கொடுத்தது?

பாகப்பிரிவினையில் மகன், மகள் இருவருக்கும் சமபங்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நாலு பிள்ளைகளுக்கு நாலு பங்கு என்றால் அடுத்த தலைமுறையில் யாருக்கும் ஒரு பசுவைக்கூடக் குளிர்காலம் கடத்தப் புல் மிஞ்சாது. அதற்கு ஊர் கண்ட வழி தாமதத் திருமணம். இருபதுகளின் கடைசியில்தான் பெண்களுக்குக் கல்யாணம், ஆண்களுக்கு அதையும் தாண்டி. பெரும் எண்ணிக்கையில் ஆண்களும் பெண்களும் கல்யாணமே செய்துகொள்ளாமல் அண்ணன், அக்கா வீட்டில் உழைத்துக் காலம் தள்ளினார்கள். பிள்ளைகளுக்கு இடையிலும் நீண்ட இடைவெளி. மிச்சப்பட்டவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். மாட்டு எண்ணிக்கைக்கு எழுதிய கட்டுப்பாடு இருந்தது. மனித எண்ணிக்கைக்கு எழுதாத கட்டுப்பாடு இருந்தது. கல்யாணமாகாமல் செத்துப்போன ஒரு சித்தப்பாவின் பங்கு பங்காளிகளுக்குத் திரும்பி வந்ததால்தான் நிலம் ஒரேயடியாகத் துண்டு துண்டாகாமல் தப்பியது. சித்தப்பாவிடம் யாரும் இதைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு வந்தது. ரையைவிடக் குறைந்த நிலத்தில் அதிக வயிறுகளை நிரப்பியது. அடுத்த நூற்றாண்டில் ஊரின் மக்கள்தொகை கணிசமாகக் கூடியது. ஊர்க்கட்டு மாறவில்லை, குடும்பப்பெயர்களும் ஏறக்குறைய அதே சிலதான். வெளியாள் வராத ஊரில் உறவுக்குள்ளேயே மணம் நெருங்கி வரும் என்பதால், டோர்பெல்லை மரபணு ஆய்வாளர்களும் தேடிப்போய் ஆராய்ந்தார்கள்.

ஊர்க்கூட்டத்தில் ‘எல்லோரும்’ ஓட்டுப் போட்டார்கள் என்று எழுதும்போது அந்த எல்லோருக்குள்ளும் பெண்கள் இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும். சுவிட்சர்லாந்து தேசிய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே 1971இல்தான், நெட்டிங் டோர்பெல்லில் இருந்த அதே காலத்தில். விசேஷம் என்னவென்றால், அந்தத் தடையை முதலில் உடைத்ததும் இதே மலைதான். மோஸ்ஆல்ப்பைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் பியூர்ஷன், அதை அடுத்து உன்டர்பெக். 1957 மார்ச் மாதம், பெண்களுக்குக் குடிமைப் பாதுகாப்புப் பணியைக் கட்டாயமாக்கும் ஒரு தேசிய வாக்கெடுப்பில், ‘பெண்களைப் பற்றிய முடிவில் அவர்களுக்கும் ஓட்டு வேண்டும்’ என்று உன்டர்பெக் பெண்களை வாக்களிக்க அனுமதித்தது ஊராட்சி. தனிப் பெட்டி வைத்தார்கள். முதல் ஓட்டு ஊர்த்தலைவரின் மனைவி கதரீனா ட்சென்ஹாய்சர்னுடையது. அரசு அந்த ஓட்டுகளை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. ஆனால் ஊராட்சி என்ற சின்ன அமைப்புக்குத் தன் வேலிக்குள் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பழக்கம் இருந்ததால்தான் அப்படி ஒரு கலகம் சாத்தியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. 1483இல் கதவைச் சாத்திய அதே அதிகாரம்தான் இங்கே அதைத் திறந்தது.

உலகம் கண்டுகொண்ட விதம்

1968இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரை பெரும் செல்வாக்குப் பெற்றது. எல்லோருக்கும் திறந்திருக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று விடுவான், கடைசியில் நிலம் பாழாகும், அதைத் தடுக்கத் தனியுடைமை அல்லது அரசின் கட்டாயம் வேண்டும் என்பது அதன் சாரம். உலகெங்கும் மேய்க்கால் புறம்போக்கைத் தனியாருக்கோ அரசுக்கோ மாற்றுவதற்கு அந்த வாதம் வசதியாகப் போயிற்று.

அரசியலறிஞர் எலினோர் ஓஸ்ட்ரோம் 1990இல் வெளியிட்ட நூலில் டோர்பெல்லை முதல் வரிசைச் சான்றாக வைத்தார். கூடவே ஜப்பானிய மலைக்கிராமங்கள், ஸ்பெயினின் வலென்சியா பாசன அமைப்புகள், பிலிப்பைன்ஸின் வாய்க்கால் சங்கங்கள். 2009இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஹார்டினே பிற்காலத்தில், தான் சொன்னது நிர்வாகம் இல்லாத பொதுநிலத்துக்குத்தான் என்று திருத்திக்கொண்டார். டோர்பெல்லின் ஆவணத்தை ஹார்டின் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவது தெரியும். அவர் கற்பனை செய்த நிலத்துக்கு வேலியே இல்லை. டோர்பெல்லோ மாட்டை எண்ணுவதற்கு முப்பது ஆண்டு முன்பே மனிதரை எண்ணிவிட்டது.

ஓஸ்ட்ரோமை மேற்கோள் காட்டி ‘ஊரிடம் விட்டால் ஊர் பார்த்துக்கொள்ளும்’ என்று திட்டம் போடுகிறவர்கள் அவர் எழுதியதை முழுதாகப் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எல்லைகள் தெளிவாக இருக்க வேண்டும் என்பதை அவர் முதல் நிபந்தனையாகவே வைத்தார். அந்த எல்லை யாருடைய வாசலில் போய் நிற்கிறது என்று கேட்பது மீதமுள்ள வேலை. டோர்பெல்லில் நிலம் வாங்கியும் மேய்ச்சல் கிடைக்காத அந்த வெளியூரானைப் பற்றி ஆவணத்தில் ஒரு தடை இருக்கிறது, அவன் தரப்பு வாதம் இல்லை.

கேள்வி தலைகீழானபோது

1891இல் ஃபிஸ்ப்பிலிருந்து செர்மாட் வரை ரயில் முழுதாக ஓடத் தொடங்கியது. 1909இல் லோன்சா என்ற வேதிப்பொருள் நிறுவனம் ஃபிஸ்ப்பில் ஆலை தொடங்கியது. மலையில் இருந்த ஆண்களுக்கு முதல்முறையாக வீட்டைவிட்டுப் போகாமலேயே சம்பளம் கிடைத்தது. பகலில் ஆலை, மாலையில் புல் அறுப்பு. பெண்களின் தலையில் தொழுவம் முழுதாக விழுந்தது. அடுத்த தலைமுறை மாட்டை விற்றது. ரை வயல்கள் புல்லாயின, புல்நிலங்கள் பல அறுக்காமலேயே கிடந்தன. 2007இல் லோட்ச்பெர்க் அடிவார ரயில் சுரங்கப்பாதை திறந்ததும் ஃபிஸ்ப்பிலிருந்து தலைநகர் பெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றானது. மோஸ்ஆல்ப்புக்குத் தார்ச்சாலை வந்தது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் மலைநடை, உணவகத்தில் சீஸ் தட்டு.

இப்போது மலைக்கு மாடு போதவில்லை. மேய்ச்சல் குறைந்த சரிவுகளில் புதரும் லார்ச்சும் கீழிருந்து ஏறி வருகின்றன. கூட்டம் நெரிந்த காலத்துக்காக எழுதிய விதிக்கு, ஆளில்லாத மேய்ச்சல் வெளியில் என்ன வேலை? எல்லோரும் தங்கள் குளிர்கால மாடுகளை எல்லாம் ஓட்டிவிட்டாலும் வெளி நிறையாது. வெளியாளை நிறுத்திவைத்த அதே வலேயில், அல்பினென் என்ற கிராமம் 2017இல் வேறொரு முடிவுக்கு வாக்களித்தது. 45 வயதுக்குட்பட்ட குடும்பங்கள் ஊரில் வந்து வீடு கட்டியோ வாங்கியோ குடியேறினால், பெரியவருக்கு 25,000 ஃபிராங்க், குழந்தைக்கு 10,000. பத்தாண்டு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். செய்தி பரவியதும் உலகின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து விசாரிப்புகள் குவிந்து, சின்ன ஊராட்சி அலுவலகம் திணறிப்போனது.

மேய்ச்சலின் கணக்கும் ஊரின் கையைவிட்டுப் பெர்னுக்குப் போய்விட்டது. ஒரு மாடு நூறு நாள் மேய்வதை ஓர் அலகாக வைத்து, ஒவ்வொரு மலைமேய்ச்சலுக்கும் இத்தனை அலகு என்று நிர்ணயித்திருக்கிறார்கள். கூட்டாட்சி அரசின் கோடை மேய்ச்சல் மானியம் அதன்படி வருகிறது. நிர்ணயித்ததைவிட அதிகமாக மேய்த்தால் மானியத்தில் வெட்டு விழும், 1517இல் அபராதம் விழுந்ததைப்போல. நாலில் மூன்று பங்குக்குக் கீழே மேய்த்தாலும் வந்த மாட்டுக்கு மட்டும்தான் பணம். இந்த முறை மலையின் புல்லையும் அளந்துவிட்டார்கள், எண்ணைத் தாளில் எழுதியும் வைத்துவிட்டார்கள். அந்த எண்ணை எட்டுவதற்கு இப்போது பல மலைமேய்ச்சல் சங்கங்கள் செய்வது, கீழேயுள்ள வெளியூர்ப் பண்ணைகளிடம் மாட்டைக் கேட்டு வாங்கி மேலே ஏற்றுவது.